சொந்தமாக ஏற்றிய வரைபடம் சரியாக வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

மாதாமாதம் பணம் கட்டாமல், யாரிடமும் ஏபிஐ சாவி வாங்காமல், நம் வட்டாரத்துக்கான வரைபடத்தை நாமே இணையத்தில் வைத்துக்கொள்வது இப்போது உண்மையிலேயே எளிது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு, அந்தத் தரவை வெட்டிய சதுரத் துண்டுகளான டைல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கும் பிஎம்டைல்ஸ், பிரவுசரில் அதை வரைந்து காட்டும் மேப்லிப்ரே, இந்த மூன்றும் போதும். டேட்டாபேஸ் வேண்டாம், இரவும் பகலும் ஓடும் டைல் சர்வர் வேண்டாம், ஒரு கோப்பை வைக்க இடம் இருந்தால் சரி. ஆனால் முதல் தடவை ஏற்றும்போது ஏதாவது ஒன்று இடறும், பெரும்பாலானவர்கள் அங்கேயே விட்டுவிட்டுப் பழையபடி கூகுள் மேப்ஸை ஒட்டவைத்துவிடுகிறார்கள். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு மதுரை வட்டாரக் கண்மாய்களைக் காட்டும் ஒரு வரைபடத்தை வைத்துக்கொள்வோம். கீழே, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை பிஎம்டைல்ஸ் கோப்பாக்கித் தரும் புரோட்டோமேப்ஸ் திட்டத்தின் அடிப்படை வரைபடத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு, மேலே கண்மாய்களின் எல்லைகள் தனி பிஎம்டைல்ஸ் கோப்பாக, பெயர்கள் தமிழில். உங்களுடையது பேருந்து நிறுத்தங்களாகவோ பறவைகள் வந்து தங்கும் இடங்களாகவோ இருக்கலாம், கோளாறுகள் இவையேதான்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்று: எஃப்12 அழுத்தி, பிழைச் செய்திகள் வரும் கன்சோலையும், பக்கம் கேட்கும் கோப்புகளைப் பட்டியலிடும் நெட்வொர்க் பகுதியையும் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். கோப்பு வந்து சேரவே இல்லையா, வந்தும், எதை எப்படி வரைவது என்று சொல்லும் ஸ்டைல் அதைக் கண்டுகொள்ளவில்லையா, அல்லது கோப்புக்குள் இருக்கும் தரவே தப்பா என்பது அங்கே பெரும்பாலும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இது தெரியாமல் ஸ்டைலில் நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பக்கம் வெறும் வெள்ளை, கன்சோலிலும் ஒன்றுமில்லை

வரைபடம் உட்காரும் பெட்டிக்கு உயரம் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உயரம் சொல்லாத காலிப் பெட்டியின் உயரம் பூஜ்யம், மேப்லிப்ரே அதற்குள் ஒழுங்காக வரைந்துகொண்டுதான் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. சிஎஸ்எஸ்ஸில் 100 சதவீதம் என்று போட்டிருந்தாலும் மேலே இருக்கும் பாடி, ஹெச்டிஎம்எல் இரண்டுக்கும் உயரம் இல்லையென்றால் பூஜ்யத்தில் 100 சதவீதமும் பூஜ்யமே. சோதித்துப் பார்க்க 500 பிக்சல் என்று நேராகக் கொடுங்கள், வரைபடம் வந்துவிட்டால் காரணம் இதுதான்.

வரைபடம் வருகிறது, ஆனால் மார்க்கர்கள் மட்டும் வரைபடத்துக்குக் கீழே போய் விழுகின்றன என்றால் மேப்லிப்ரேயின் சிஎஸ்எஸ் கோப்பை இணைக்க விட்டுப்போயிருக்கும். மிகப் பழைய கணினியில் மட்டும் வரவில்லை என்றால், மேப்லிப்ரேவுக்கு வெப்ஜிஎல் என்ற பிரவுசரின் கிராஃபிக்ஸ் வசதி தேவை, அந்தக் கணினியில் அது இல்லாமலோ அணைக்கப்பட்டோ இருக்கலாம்.

ஆக்சஸ் டோக்கன் கேட்கிறது

நீங்கள் பார்த்துச் செய்யும் பாடம் மேப்பாக்ஸ் என்ற நிறுவனத்தின் வரைபட நூலகத்துக்கு எழுதியது, அதற்குத்தான் கணக்குச் சாவியான ஆக்சஸ் டோக்கன் வேண்டும். மேப்பாக்ஸ் தன் வரைபட நூலகத்தின் 2-ஆம் பதிப்பை 2020 டிசம்பரில் திறந்தமூல உரிமத்திலிருந்து வெளியே கொண்டுபோனது. அதற்கு முந்தைய திறந்த பதிப்பிலிருந்து கிளைத்ததுதான் மேப்லிப்ரே. இரண்டின் நிரலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் பழைய பாடங்களைப் பின்பற்றலாம், ஆனால் நூலகத்தின் பெயரையும் ஸ்டைல் முகவரியையும் மாற்ற வேண்டும். மேப்பாக்ஸ் என்று தொடங்கும் ஸ்டைல் முகவரி எங்காவது மிச்சமிருந்தால் மேப்லிப்ரேவுக்கு அது புரியாது.

பிஎம்டைல்ஸ் என்று தொடங்கும் முகவரியை பிரவுசர் ஏற்க மறுக்கிறது

அது பிரவுசருக்குத் தெரிந்த நெறிமுறை இல்லை. பிஎம்டைல்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை இணைத்து, அதன் புரோட்டோகாலை மேப்லிப்ரேயிடம் 'ஆட்புரோட்டோகால்' வழியாகப் பதிவு செய்ய வேண்டும். அதுவும் வரைபடத்தை உருவாக்கும் வரிக்கு முன்னாலேயே. பின்னால் வைத்தால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது, அந்த மாதிரிக் குழப்பம் தேவையே இல்லை.

சிஓஆர்எஸ் என்று சிவப்பில் திட்டுகிறது

வேறு டொமைனிலிருந்து கோப்பை எடுக்க அந்த டொமைன் அனுமதி தந்திருக்க வேண்டும் என்ற பிரவுசர் விதிதான் சிஓஆர்எஸ். பக்கம் ஓரிடத்திலும் பிஎம்டைல்ஸ் கோப்பு வேறொரு டொமைனிலும் இருந்தால் இது வரும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது, ஆகவே சின்னக் கோப்பு என்றால் பக்கத்தோடேயே வைத்துவிடுங்கள்.

தனியாகத்தான் வைக்க வேண்டும் என்றால், எடுத்துக்காட்டாக கிளவுட்ஃப்ளேரின் கோப்புச் சேமிப்புச் சேவையான ஆர்2-இல், கோப்பு இருக்கும் பக்கெட்டின் சிஓஆர்எஸ் அமைப்பில் உங்கள் டொமைனை அனுமதிக்க வேண்டும், 'ரேஞ்ச்', 'இஃப்-மேட்ச்' என்ற இரண்டு ஹெடர்களையும் (வேண்டுகோளோடு போகும் குறிப்புகள்) அனுமதிக்க வேண்டும், 'ஈடேக்' ஹெடரை வெளிக்காட்டவும் சொல்ல வேண்டும். டொமைன் பெயரின் கடைசியில் சாய்கோடு போடாதீர்கள், அந்த ஒரு சாய்கோட்டால் பொருத்தம் தப்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் பிழை போகவில்லை என்றால், பழைய பதில் இடையில் நகல் சேமித்து வைக்கும் கேஷில் தங்கியிருக்கும், அதைக் காலி செய்துவிட்டுப் பாருங்கள்.

கணினியில் ஹெச்டிஎம்எல் கோப்பை இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்தாலும் இதே சிவப்பு எழுத்து வரும், அதற்கு எந்த அமைப்பையும் மாற்றிப் பயனில்லை. ஒரு சின்ன சர்வர் வழியாகத்தான் திறக்க வேண்டும். எந்தச் சின்ன சர்வர் என்பதும் முக்கியம், அது அடுத்த அறிகுறி.

மேஜிக் நம்பர் தப்பு என்கிறது, அல்லது பைட் சர்விங் பற்றி ஏதோ சொல்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பிஎம்டைல்ஸ் மலிவாக இருப்பதற்கும் அது முரண்டு பிடிப்பதற்கும் காரணம் ஒன்றேதான். உலகம் முழுவதுக்குமான புரோட்டோமேப்ஸ் கோப்பு 100 ஜிபிக்கும் மேல். அதைப் பிரவுசர் முழுதாக இறக்குவதில்லை, தனக்கு வேண்டிய பைட்டுகளை மட்டும் 'இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை கொடு' என்று கேட்டு வாங்குகிறது. முதல் வேண்டுகோள் எப்போதும் 0 முதல் 16383 வரை. முதல் 127 பைட் தலைப்பு, அதையடுத்து எந்த டைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல், இரண்டும் முதல் 16 கேபிக்குள் அடங்கிவிடும். தலைப்பின் முதல் 7 பைட்டுகளில் பிஎம்டைல்ஸ் என்ற பெயரே ஆங்கில எழுத்தில் இருக்கும், 8-ஆவது பைட் பதிப்பு எண்.

இப்போது நெட்வொர்க் பகுதியில் அந்த முதல் வேண்டுகோளைச் சொடுக்கி, பதில் எண்ணைப் பாருங்கள். 206 என்றால் சர்வர் கேட்ட துண்டை மட்டும் கொடுத்திருக்கிறது, நல்லது. 200 என்றால் துண்டு கேட்டதற்கு முழுக் கோப்பையும் தூக்கிக் கொடுத்திருக்கிறது. பைத்தானோடு வரும் சின்ன சர்வர் இப்படித்தான் செய்யும், அது துண்டு வேண்டுகோளைக் கண்டுகொள்ளாது. அதற்குப் பதில் கேடி சர்வரையோ நோடில் ஓடும் ஹெச்டிடிபி-சர்வரையோ வைத்துச் சோதியுங்கள், இரண்டும் துண்டு துண்டாகக் கொடுக்கும்.

சில ஹோஸ்டிங்கில் சர்வர் எல்லாக் கோப்பையும் போகிற போக்கில் ஜிஜிப் முறையில் சுருக்கி அனுப்பும். அப்படிச் செய்தால் கேட்ட பைட் எண்ணும் வந்த பைட்டும் பொருந்தாது. பிஎம்டைல்ஸ் கோப்பின் உள்ளே டைல்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவைதான், ஆகவே இந்த வகைக் கோப்புக்கு மட்டும் சர்வரின் சுருக்கலை அணைத்துவிடுங்கள்.

206 வந்தும் மேஜிக் நம்பர் பிழை போகவில்லையா? வந்த பதிலின் உள்ளடக்கத்தைத் திறந்து படியுங்கள். ஹெச்டிஎம்எல் தெரிந்தால் முகவரி தப்பு, இல்லாத பக்கத்துக்கெல்லாம் முகப்புப் பக்கத்தைக் கொடுக்கும்படி ஹோஸ்டிங் அமைக்கப்பட்டிருக்கிறது. பெரிய கோப்புகளை வேறிடத்தில் வைக்கும் வசதியான கிட் எல்எஃப்எஸ்ஸின் முகவரியோடு சில வரிகள் மட்டும் தெரிந்தால், அங்கே இருப்பது உங்கள் கோப்பு இல்லை, கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் சீட்டு. கிட்ஹப் களஞ்சியத்தில் ஒரு கோப்பு 100 எம்பிக்கு மேல் போகக் கூடாது என்பதால் பலர் எல்எஃப்எஸ்ஸைத் தேடிப் போகிறார்கள், ஆனால் கிட்ஹப் பேஜஸில் எல்எஃப்எஸ் வேலை செய்யாது. கூகுள் டிரைவ் பகிர்வு இணைப்பைக் கொடுத்தாலும் ஆகாது.

சரி, எங்கேதான் வைப்பது? ஒரு மாவட்டத்தை மட்டும் வெட்டினால் கோப்பு 100 எம்பிக்குள் அடங்கிவிடும், அதற்கு கிட்ஹப் பேஜஸே போதும், செலவு பூஜ்யம். மாநிலம், நாடு என்று பெரிதானால் ஆர்2 நல்ல தேர்வு: 10 ஜிபி வரை இலவசம், அதற்கு மேல் ஒரு ஜிபிக்கு மாதம் 0.015 டாலர், வெளியே போகும் தரவுக்குக் கட்டணமே இல்லை. கணக்குத் தொடங்கக் கார்டு விவரம் கேட்கும். 300 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை அதன் வலைப்பக்கம் வழியாக ஏற்ற முடியாது, ஆர்குளோன் என்ற கருவி கொண்டு ஏற்றுங்கள். அப்புறம், சோதனைக்குக் கொடுக்கும் ஆர்2.டெவ் முகவரியை அப்படியே பொதுமக்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதில் வேகக் கட்டுப்பாடு உண்டு. பத்துப் பேர் பார்க்கும்போது ஓடியது, நாளிதழில் செய்தி வந்த அன்று 429 என்று நின்றால் காரணம் அதுதான். சொந்த டொமைனை இணைத்தால் கேஷும் சேர்ந்து கிடைக்கும்.

வெட்டி எடுக்கும்போதே 404 வருகிறது

புரோட்டோமேப்ஸின் தினசரிக் கோப்புகள் தேதியைப் பெயராகக் கொண்டவை, பழையவை நீக்கப்பட்டுவிடும். பாடத்தில் இருந்த தேதியை அப்படியே ஒட்டியிருப்பீர்கள், இந்த வாரத் தேதியைப் போடுங்கள். வெட்டும் எல்லையைக் கொடுக்கும் வரிசை மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு. மதுரை நகரை ஒட்டிய பகுதிக்கு 77.9, 9.8, 78.3, 10.1. வெட்டும் கட்டளையான 'பிஎம்டைல்ஸ் எக்ஸ்ட்ராக்ட்' முழுக் கோப்பையும் இறக்காமல் வேண்டிய டைல்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்பதால் சாதாரண வீட்டு இணைப்பிலேயே முடிந்துவிடும். வெட்டிய துண்டை உங்கள் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய கோப்புக்கே நேராக இணைப்புக் கொடுப்பது முறையல்ல.

இந்தச் சிரமம் எதற்கு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சொந்த டைல் சர்வரையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். அது நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் ஓடுவது, மொத்தமாக இறக்குவதற்கு அனுமதி இல்லை, எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று தெரிவிக்காத வேண்டுகோள்களை 403 என்று மறுத்துவிடும். தரவு எல்லோருக்கும் இலவசம், அந்த சர்வரின் உழைப்பு அப்படியல்ல.

அடிப்படை வரைபடம் அரைகுறையாகத் தெரிகிறது

நிலத்தின் நிறம் இருக்கிறது, சாலைகளைக் காணோம். கன்சோலில் பிழை இல்லை. டைல் ஒரு பதிப்பு, ஸ்டைல் இன்னொரு பதிப்பு என்றால் இப்படி ஆகும். புரோட்டோமேப்ஸ் டைல்களின் 3-ஆம் பதிப்பில் ஒவ்வொரு பொருளின் வகையும் 'பிமேப்:கைண்ட்' என்ற பெயரில் இருந்தது, 4-ஆம் பதிப்பில் அது வெறும் 'கைண்ட்' ஆகிவிட்டது. பழைய ஸ்டைல் பழைய பெயரைத் தேடும், கிடைக்காது, எதையும் வரையாமல் பேசாமல் இருந்துவிடும். புதிய டைலுக்குப் புதிய ஸ்டைல், அவ்வளவுதான் தீர்வு.

என் கண்மாய்களை மட்டும் காணோம்

முதலில் லேயர் பெயர். தரவை டைல்களாக மாற்றும் டிப்பிகனூ என்ற கருவி கொண்டு டைல் செய்தபோது ஒரு லேயர் பெயர் கொடுத்திருப்பீர்கள், கொடுக்காவிட்டால் அது கோப்பின் பெயரிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஸ்டைலில் 'சோர்ஸ்-லேயர்' என்ற இடத்தில் அதே பெயர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். பெயர் தெரியவில்லை என்றால் பிஎம்டைல்ஸ் வியூவர் பக்கத்தில் கோப்பை இழுத்துப் போடுங்கள், உள்ளே என்ன லேயர், என்னென்ன புலங்கள், எந்த ஜூம் முதல் எந்த ஜூம் வரை என்று எல்லாமே காட்டும்.

வியூவரில் கண்மாய்கள் தெரிகின்றன, ஆனால் மதுரையில் இல்லை என்றால் ஆயத்தொலைவுதான் தப்பு. எங்கே போய் விழுந்திருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கடலில் இருந்தால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றன. மதுரை 9.9 வடக்கு, 78.1 கிழக்கு. மாற்றிப் போட்டால் 78.1 வடக்கு, 9.9 கிழக்கு, அது அந்தக் கடல்தான். இடங்களை எழுத்துக் கோப்பாக வைக்கும் ஜியோஜேசன் தீர்க்கத்தை முதலில் கேட்கும், கூகுள் மேப்ஸில் நகலெடுத்தால் அட்சம் முதலில் வரும், லீஃப்லெட் என்ற வரைபட நூலகமும் அட்சத்தை முதலில் கேட்கும், மேப்லிப்ரே தீர்க்கத்தை. இவற்றுக்குள் ஒற்றுமை இல்லை, ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் போட வேண்டும். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் ஒரே புள்ளியில் குவிந்திருந்தால் ஆயத்தொலைவுக் கட்டங்கள் காலியாக இருந்து பூஜ்யம், பூஜ்யம் என்று ஆகியிருக்கின்றன.

எங்குமே தெரியவில்லை, அல்லது வங்கக்கடலில் தெரிகிறது என்றால், உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறைதான் காரணம். அலுவலகங்களிலிருந்தும் ஆய்வாளர்களிடமிருந்தும் வரும் ஷேப்ஃபைல்கள் பல நேரம் மீட்டர் கணக்கில்தான் இருக்கும். கோப்பைத் திறந்து எண்ணைப் பாருங்கள், 78.12 என்ற மாதிரி இல்லாமல் ஆறு, ஏழு இலக்க எண்களாக இருந்தால் இதுதான். மதுரைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. யுடிஎம் 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் பிரியும் 78 டிகிரி கோடு மதுரை நகருக்குச் சற்று மேற்கேதான் போகிறது, மாவட்டமே இரண்டு மண்டலத்தில் இருக்கிறது. மேலூர்ப் பக்கத்துக் கண்மாயின் கிழக்கு எண் 2 லட்சத்தை ஒட்டியும், உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாயின் எண் 8 லட்சத்தை ஒட்டியும் இருந்தால் ஒவ்வொன்றும் அதனதன் மண்டலத்தில் அளக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இரண்டையும் சேர்த்து 44 என்று சொல்லிவிட்டால் உசிலம்பட்டிக் கண்மாய்கள் 6 டிகிரி கிழக்கே தள்ளி, இலங்கையையும் தாண்டி, நடுக்கடலில் போய் உட்காரும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் சரியான மண்டலத்தைக் கொடுத்து, சாதாரண அட்ச, தீர்க்க முறையான இபிஎஸ்ஜி 4326-க்கு மாற்றி ஜியோஜேசனாகச் சேமித்து, அதன் பிறகே ஒன்றாகச் சேருங்கள்.

ஜூமைக் குறைத்தால் புள்ளிகள் காணாமல் போகின்றன, சின்னக் கண்மாய்கள் சதுரமாகிவிடுகின்றன

டிப்பிகனூ இதை வேண்டுமென்றேதான் செய்கிறது. லட்சக்கணக்கான புள்ளிகளுக்காக எழுதப்பட்ட கருவி அது, ஒரு டைல் 500 கேபியைத் தாண்டக் கூடாது என்பது அதன் இயல்பான வரம்பு. ஒவ்வொரு ஜூம் குறையும்போதும் முந்தையதில் 2.5-க்கு 1 என்ற விகிதத்தில்தான் புள்ளிகளை விடும். 5 படி கீழே வந்தால் 100-க்கு 1 தான் மிஞ்சும். உங்களிடம் இருப்பதே சில நூறு புள்ளிகள் என்றால் இந்தச் சிக்கனம் தேவையில்லை, 'டிராப் ரேட்' மதிப்பை 1 என்று கொடுங்கள், எல்லாம் தங்கிவிடும்.

சதுரங்களும் அதே சிக்கனத்தால் வந்தவைதான். மிகச் சிறிய பரப்புகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளாமல் அவற்றின் மொத்தப் பரப்புக்கு ஈடாக ஒரு சிறு சதுரத்தை வைத்துவிடும். 'நோ டைனி பாலிகன் ரிடக்‌ஷன்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் நின்றுவிடும். ஊருணிகள், சின்னக் குளங்கள் எல்லாம் அதனதன் வடிவத்தில் தெரிய வேண்டும் என்றால் இது கட்டாயம் வேண்டும். ஒரு குளத்தின் கரை வளைந்து போகும் விதத்தை வைத்துத்தான் ஊர்க்காரர் அதை அடையாளம் காண்பார்.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிதாக்கினால் எல்லாமே மறைகிறது

டைல்கள் 15-ஆம் ஜூம் வரைதான் இருக்கின்றன, மேப்லிப்ரே 16-ஐக் கேட்கிறது. பிஎம்டைல்ஸ் முகவரி வழியாக இணைத்தால் அதுவே தலைப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளும். இசட், எக்ஸ், ஒய் என்று டைல் முகவரியாகக் கொடுத்திருந்தால்தான் இந்தக் கோளாறு வரும். சோர்ஸில் 'மேக்ஸ்ஜூம்' 15 என்று எழுதிவிடுங்கள்.

எழுத்தே வரவில்லை

கோடுகள், நிறங்கள் எல்லாம் சரி, பெயர் மட்டும் இல்லை. மேப்லிப்ரே வழக்கமாக உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துருவை எடுப்பதில்லை, 256 எழுத்துகள் கொண்ட துண்டுக் கோப்புகளாக க்ளிஃப் எனும் எழுத்துப் படங்களை சர்வரிலிருந்து கேட்கும். யுனிகோடில் தமிழின் இடம் 2944 முதல் 3071 வரை, ஆகவே அது கேட்கும் கோப்பின் பெயர் 2816-3071. நெட்வொர்க் பகுதியில் அந்த எண்ணைத் தேடுங்கள். 404 என்றால் அந்த எழுத்துருவுக்குத் தமிழ்த் துண்டு உங்கள் சர்வரில் இல்லை. வெறும் நோட்டோ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது, நோட்டோ சான்ஸ் தமிழ் என்பது தனி எழுத்துரு.

ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வருகிறதா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்நாட்டு ஊர்களுக்கு 'நேம்' புலத்தில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தும் 'நேம்:டிஏ' புலத்தில் தமிழும் இருக்கும். ஸ்டைலில் 'கோயலெஸ்' கொண்டு முதலில் தமிழ்ப் புலம், இல்லாவிட்டால் பொதுப் புலம் என்று சொல்லுங்கள். உங்கள் டைலில் தமிழ்ப் புலம் இருக்கிறதா என்பதை வியூவரில் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் தேடி எடுக்க உதவும் ஓவர்பாஸ் டர்போ தளத்தில் தமிழ்ப் பெயருள்ள ஊர்களை மட்டும் ஜியோஜேசனாக எடுத்துத் தனி லேயராக வைத்துக்கொள்ளலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே தமிழ்ப் பெயர் இல்லையென்றால் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள், கணக்குத் தொடங்க ஒரு நிமிடம், அப்புறம் அந்தப் பெயர் உங்கள் வரைபடத்துக்கு மட்டுமல்லாமல் அந்தத் தரவை எடுக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

தமிழ் வருகிறது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து நிற்கிறது

இது உங்கள் தவறு இல்லை. செல்லூர் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யுனிகோடில் 'செ' என்பது முதலில் ச, அதன் பின் கொம்பு என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'லூ' என்பது ல-வும் ஊகாரக் குறியும் சேர்ந்து ஒரே வடிவமாக மாற வேண்டும். கொட்டாம்பட்டியின் 'கொ'-வில் க-வோடு சேரும் ஒகரக் குறி ஒன்றேதான், ஆனால் அது எழுத்தின் இருபக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். வேர்ட் கோப்பிலும் பிரவுசரிலும் இதையெல்லாம் எழுத்துருவில் இருக்கும் விதிகளைப் படித்து ஒரு ஷேப்பிங் எஞ்சின் செய்துவிடுகிறது. க்ளிஃப் துண்டுக் கோப்பிலோ எண்ணுக்கு ஒரு படம் என்று மட்டும்தான் இருக்கிறது, விதிகள் இல்லை. மேப்லிப்ரே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படத்தை வரிசையாக அடுக்கிவிடுகிறது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. அரபிக்கும் எபிரேயத்துக்கும் என்று ஒரு செருகுநிரல் இருக்கிறது, அது தமிழுக்கு உதவாது.

மூன்று வழிகள் இருக்கின்றன. சில பெயர்கள்தான் என்றால் ஹெச்டிஎம்எல் மார்க்கராகவே வைத்துவிடுங்கள், பிரவுசர் சரியாக எழுதும், ஆனால் நெருங்கி வரும் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வரைபடத்தைச் சாய்க்கவோ சுழற்றவோ தேவையில்லை என்றால் மேப்லிப்ரேயை விட்டுவிட்டு லீஃப்லெட்டும் புரோட்டோமேப்ஸ்-லீஃப்லெட்டும் சேர்த்துப் பயன்படுத்தலாம், அது பிரவுசரின் வரைபலகையான கேன்வாஸில் எழுதுவதால் தமிழ் ஒழுங்காக வரும்.

மேப்லிப்ரேதான் வேண்டும் என்பவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த மூன்றாவது வழி: பெயரை எழுத்தாகக் கொடுக்காமல் படமாகக் கொடுப்பது. லேயரில் 'டெக்ஸ்ட்-ஃபீல்ட்' வேண்டாம், அதற்குப் பதில் 'ஐகான்-இமேஜ்' மதிப்பாக ஒரு முன்னொட்டும் தமிழ்ப் பெயரும் சேர்ந்த சொல்லைக் கொடுங்கள். அப்படி ஒரு படம் எங்கும் இல்லாததால் மேப்லிப்ரே 'ஸ்டைல்இமேஜ்மிஸ்ஸிங்' என்ற நிகழ்வை எழுப்பி, இந்தப் பெயருள்ள படம் என்னிடம் இல்லை என்று சொல்லும். அந்த இடத்தில் முன்னொட்டை நீக்கிவிட்டு, மிஞ்சும் பெயரை ஒரு கேன்வாஸில் எழுதி, 'ஆட்இமேஜ்' வழியாகக் கொடுத்துவிடுங்கள். எழுதுவது பிரவுசர் என்பதால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கும். ஐகான் என்றே கருதுவதால் பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் விலக்கும் வேலையையும் மேப்லிப்ரே பார்த்துக்கொள்ளும்.

இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. வரைபடத்தை உருவாக்குவதற்கு முன்பே தமிழ் எழுத்துரு ஏறி முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் வரும் பெயர்கள் கணினியின் ஏதோவொரு எழுத்துருவில் பதிந்து அப்படியே நின்றுவிடும். இரண்டு மடங்கு அளவில் எழுதி 'பிக்சல் ரேஷியோ' 2 என்று கொடுங்கள், கைபேசியில் மங்காது. முதலில் வெள்ளையில் தடித்த வெளிக்கோடு, அதன்மேல் கருநீலத்தில் எழுத்து என்று வரைந்தால் தண்ணீரின் நீலத்தின் மேலும் படிக்க முடியும். அகலத்தை அளந்த பிறகு நான்கு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லையென்றால் 'திருப்பரங்குன்றம்' என்பதில் மேல்விலங்கின் வளைவும் புள்ளியும் விளிம்பில் வெட்டுப்பட்டுப் போகும்.

புதிய கோப்பை ஏற்றியும் பழையதே தெரிகிறது, அல்லது டைல்கள் கலைந்து வருகின்றன

பழைய கோப்பின் பட்டியல் கேஷில், புதிய கோப்பின் டைல்கள் சர்வரில். இரண்டும் கலந்தால் இப்படித்தான் ஆகும். அதே பெயரில் மேலெழுதாதீர்கள், பெயரில் தேதியைச் சேர்த்துப் புதிய கோப்பாக ஏற்றி, ஸ்டைலில் அந்த ஒரு வரியை மாற்றுங்கள். பழையதை ஒரு வாரம் கழித்து அழிக்கலாம்.

வெளியிடும் முன் இரண்டு விஷயம், இவை கன்சோலில் வராது

ஓரத்தில் '© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்ற வரி தெரிகிறதா என்று கைபேசியிலும் பாருங்கள். 2012 முதல் அந்தத் தரவு ஓடிபிஎல் என்ற திறந்த தரவு உரிமத்தில் இருக்கிறது, யாருடைய தரவு என்று சொல்வது அதன் நிபந்தனை. சிறிய திரையில் மேப்லிப்ரே அந்த வரியை ஒரு சிறு பொத்தானுக்குள் மடித்துவிடும், முழுதாகத் தெரிய 'காம்பாக்ட்' என்பதை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று நாட்டு எல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் களத்தில் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அதைக் காட்டும், சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வரைபடத்துக்கு மாறாக இந்தியாவின் வரைபடத்தை வெளியிடுவது இந்தியச் சட்டப்படி தண்டனைக்குரியது. மதுரைக் கண்மாய் வரைபடத்தில் காஷ்மீர் தெரிய வேண்டிய தேவையே இல்லை. 'மின்ஜூம்' 9, 'மேக்ஸ்பவுண்ட்ஸ்' மதுரை வட்டாரம் என்று பூட்டிவிட்டு, ஸ்டைலில் நாட்டு எல்லை லேயரை எடுத்துவிடுங்கள்.